வளைவு பலகையிலேயே இருக்கிறது: கார்விங் ஸ்கீயின் கணக்கு

துரைப்பாக்கத்திலிருந்து மியூனிக்குக்கு மாற்றலாகிப் போன என் அக்கா மகன் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினான். கடையில் சாய்த்து வைத்திருந்த ஒரு ஜோடி ஸ்கீ, அதாவது பனிச்சறுக்குப் பலகைகள். வால் பக்கத்தில் பொடி எழுத்தில் 165 செ.மீ., 119–68–103, ஆரம் 12.7 மீ. என்று அச்சாகியிருந்தது. "மாமா, ரேஸ் ஸ்கீயாம். சீசன் முடியுதுன்னு பாதி விலைக்குத் தர்றாங்க. வாங்கிடவா?" பனிச்சறுக்கு பழகத் தொடங்கி அவனுக்கு அதிக காலம் ஆகவில்லை.

சென்னையில் இந்தக் கேள்வி இப்போது அவ்வளவு அபூர்வமில்லை. ஆன்சைட் வேலைக்கு டென்வர், ஜூரிக் என்று போய் வந்தவர்கள், துபாயில் உறவினர் வீட்டுக்குப் போன சாக்கில் ஸ்கீ துபாய் என்ற உள்ளரங்கில் முதன்முதலாகச் சறுக்கியவர்கள், காஷ்மீரின் குல்மார்க்கில் பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டியவர்கள் என்று ஒரு சின்னக் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஈ.சி.ஆர். விஜிபி ஸ்நோ கிங்டமில் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு பனியைத் தொட்டுப் பார்ப்பதோடு இவர்களுக்கு ஆசை அடங்கவில்லை. அடுத்து சொந்தமாக ஸ்கீ வாங்கலாமா என்ற யோசனை வருகிறது.

மாட்டிப் பார்த்து வாங்க இங்கே மலை ஏது? விளம்பர வாசகத்தையும் பலகையில் அச்சான எண்களையும் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். விளம்பரம் எல்லா ஸ்கீக்கும் ஒரே பாட்டைத்தான் பாடும்: துல்லியம், சக்தி, பிடிப்பு. எண்கள் அப்படி மழுப்புவதில்லை. சமன்படுத்திய சரிவுக்கும் கெட்டிப் பனிக்கும் செய்யப்படும், விளிம்பால் பனியைக் கீறித் திரும்பும் உயர்திறன் கார்விங் ஸ்கீ, குறிப்பிட்ட ஒரு வேக எல்லைக்கும் குறிப்பிட்ட ஒரு வகைப் பனிக்கும் அளவெடுத்துச் செய்த கருவி. அந்த வேகமும் பனியும் வாய்க்காத இடத்தில் அதன் திறனே சறுக்குபவருக்குச் சுமையாகிவிடும். எப்படி என்பதை எண்களிலிருந்தே பார்த்துவிடலாம்.

மூன்று அகலங்கள், ஒரு வட்டம்

ஸ்கீயை மேலிருந்து பார்த்தால் முன்னும் பின்னும் அகலம், நடுவில் ஒடுக்கம். 119 மி.மீ. என்பது மூக்குப் பகுதி, 68 இடுப்பு, 103 வால். பக்கவாட்டில் தெரியும் உள்வளைவு ஒரு பெரிய வட்டத்தின் சிறு துண்டு. அந்த வட்டத்தின் ஆரம்தான் 12.7 மீட்டர். சரிதானா என்று நாமே போட்டுப் பார்க்கலாம். மூக்கு அகலத்தையும் வால் அகலத்தையும் கூட்டி, இடுப்பின் இரு மடங்கைக் கழித்து, நான்கால் வகுத்தால் ஒரு பக்கத்து உள்வளைவின் ஆழம் கிடைக்கும்: 21.5 மி.மீ. 165 செ.மீ. பலகையில் பனியைத் தொடும் விளிம்பு ஏறக்குறைய 148 செ.மீ. இருக்கும். அதை மீட்டராக்கி வர்க்கப்படுத்தி, ஆழத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் 12.7 வந்து நிற்கும். பள்ளிக்கூடத்தில் படித்த வட்ட நாண் கணக்குதான்.

ஆனால் பலகை தட்டையாகக் கிடக்கும்வரை இந்த வட்டத்தால் ஒரு பயனும் இல்லை. ஒரு பழைய விசிட்டிங் கார்டை எடுத்து அதன் இரண்டு நீளப் பக்கங்களையும் உள்வளைவாக வெட்டிக்கொள்ளுங்கள். மேசைமேல் ஒரு விளிம்பில் சாய்த்துப் பிடித்தால் இரு முனைகள் மட்டும் மேசையைத் தொடும், நடுவில் இடைவெளி தெரியும். நடுவில் விரலால் அழுத்துங்கள். கார்டு வளைந்து விளிம்பு முழுவதும் மேசையில் படியும். படிந்த கோடு ஒரு வில். இன்னும் சாய்த்து அழுத்தினால் வில் இன்னும் இறுகும். ஸ்கீ திரும்புவதும் இப்படித்தான். சறுக்குபவர் காலை முறுக்கித் திருப்புவதில்லை. பலகையைச் சாய்க்கிறார், உடல் எடை அதை வளைக்கிறது, வளைந்த விளிம்பு தன் போக்கில் பாதை போடுகிறது. மூக்கு கீறிய அதே தடத்தில் இடுப்பும் வாலும் பின்தொடர்கின்றன. பனியில் பென்சில் கோடுபோல் இரண்டு மெல்லிய கோடுகள் மட்டும் மிஞ்சும்.

புதிதாகப் பழகுபவர் திரும்புவது வேறு விதம். அவர் பலகையைக் குறுக்கே தள்ளி, பனியைச் சுரண்டிக்கொண்டு திரும்புகிறார். அரிவாள்மனையில் காய் நறுக்குவதற்கும் அதே மனையின் நுனியில் தேங்காய் துருவுவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இரண்டுக்கும். துருவல் முறை வேகத்தைக் குறைக்கும், தப்பு செய்தாலும் மன்னிக்கும். மலையில் எல்லோருக்கும் அதுவும் தேவை. அதை மட்டமாக நினைக்கக் கூடாது. கார்விங்கில் சுரண்டல் இல்லை என்பதால் வேகம் அப்படியே நிற்கும். அதன் போதையும் அதன் ஆபத்தும் இதில்தான்.

சாய்வு கூடக் கூட ஆரம் குறையும் அளவும் எளிய கணக்கு. பலகையின் ஆரத்தைச் சாய்வுக் கோணத்தின் கொசைனால் பெருக்கினால் போதும். 12.7 மீட்டர் ஸ்கீ 30 பாகை சாய்ந்தால் 11 மீட்டர் வில் போடும். 45 பாகையில் 9 மீட்டர். 60 பாகையில் 6.4 மீட்டர்தான். அச்சிட்ட எண் பலகை போடக்கூடிய மிகப் பெரிய வட்டத்தைச் சொல்கிறது. அதிலிருந்து எவ்வளவு குறைக்க முடியும் என்பது சாய்க்கத் தெரிந்தவரின் கையில்.

வேகம் எங்கே வருகிறது

வளைவில் பைக் ஓட்டும் எவருக்கும் தெரியும்: வேகம் இல்லாமல் சாய்ந்தால் விழுவோம். ஸ்கீயிலும் அதேதான். உடலின் சாய்வும் விளிம்பின் சாய்வும் ஒன்றே என்று வைத்துக்கொண்டு, சரிவின் தாக்கத்தைக் கணக்கில் எடுக்காமல் விட்டால், விடை வியக்கத்தக்க எளிமையில் வந்து விழுகிறது: வேகத்தின் வர்க்கம் என்பது புவியீர்ப்பு முடுக்கத்தையும் பலகையின் ஆரத்தையும் சாய்வின் சைனையும் பெருக்கிய தொகை.

எண்களைப் போட்டுப் பாருங்கள். 12.7 மீட்டர் ஆரமுள்ள, ஸ்லாலம் (குறுகிய திருப்பங்கள் நிறைந்த பந்தயம்) வகை ஸ்கீயில் 30 பாகை சாய மணிக்கு சுமார் 28 கி.மீ. வேகம் வேண்டும். 18 மீட்டர் ஆரம் என்றால் 34 கி.மீ. அகன்ற திருப்பங்கள் கொண்ட ஜயன்ட் ஸ்லாலம் பந்தயத்தின் 30 மீட்டர் ஆரத்துக்கு 44 கி.மீ. 60 பாகை சாய வேண்டுமானால் அவையே முறையே 37, 45, 57 என்று ஏறும். 60 பாகையில் சறுக்குபவரின் காலில் உடல் எடையைப் போல இரு மடங்கு பாரம் இறங்கும். அதில் பெரும்பகுதியை வெளிக்கால் ஒன்றே தாங்குகிறது. எழுபது கிலோ ஆள் நூற்று நாற்பது கிலோவை முழங்கால் மடங்கிய நிலையில் ஏறக்குறைய ஒரே காலில் தாங்குவதை நினைத்துப் பாருங்கள். ஒரே இறக்கத்தில் இது திருப்பத்துக்குத் திருப்பம் நடக்கும்.

சைன் ஒன்றைத் தாண்டாது. ஆகவே ஒவ்வொரு ஆரத்துக்கும் ஒரு மேல் எல்லையும் வந்துவிடுகிறது. 12.7 மீட்டருக்கு அது மணிக்கு 40 கி.மீ. அருகே. அதற்கு மேல் போனால் பலகை நம்மைவிட இறுக்கமாகத் திரும்பப் பார்க்கும். விளிம்பு நழுவும், பதற்றமாகத் துள்ளும். நிஜத்தில் இடுப்பையும் முழங்காலையும் மடித்து விளிம்பை மட்டும் கூடுதலாகச் சாய்க்கலாம், பனியும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும் என்பதால் எல்லை தோராயமானதுதான். பந்தய வீரர்களே திருப்பத்தின் தொடக்கத்தைச் சற்று சறுக்கவிட்டு, பிறகு விளிம்பைப் பிடிக்கும் வித்தையைக் கையாள்கிறார்கள். சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பான எஃப்ஐஎஸ், மிக வேகமான இறக்கப் பந்தயமான டவுன்ஹிலுக்கான ஸ்கீக்கு 50 மீட்டருக்குக் குறையாத ஆரமும், ஆண்களுக்கு 218 செ.மீ. நீளமும் கேட்பதன் பின்னணியும் இந்தக் கணக்கை ஒட்டியதுதான்.

இப்போது கீழ்ப்பக்கம் வருவோம். பழகுபவரின் வேகம் பெரும்பாலும் மணிக்கு 18 கி.மீ. சுற்றி இருக்கும். அந்த வேகத்தில் 12.7 மீட்டர் ஸ்கீயில் தாங்கக்கூடிய சாய்வு 12 பாகைக்குக் கீழே. அப்போது பலகை போடும் வில் 12.4 மீட்டர்; கிட்டத்தட்ட அச்சிட்ட ஆரமேதான். அதைவிடக் குறுகலாகத் திரும்ப வேண்டுமானால் வாலைத் தள்ளித் துருவியே ஆக வேண்டும். முறுக்குக்கு வளையாத, கூர் தீட்டிய பந்தயப் பலகை அந்தத் துருவலுக்கு ஒத்துழைக்காது. வால் பனியைப் பற்றிக்கொண்டு விடமாட்டேன் என்னும். கெட்டிக்காரப் பலகை, பழகுபவரின் காலில் முரட்டுக் காளை. அக்கா மகனுக்கு நான் அனுப்பிய பதில் ஒரே வரி: "எண் நல்ல எண்தான்டா, உன் வேகத்துக்கு இன்னும் வரல. அதே ஆரத்துல ரேஸ் இல்லாத மாடல் இருக்கான்னு கேளு."

ஏனென்றால் ஆரம் ஒன்றாக இருந்தாலும் விறைப்பு வேறாக இருக்கும். 45 பாகை சாய்வில் விளிம்பு முழுவதும் பனியில் படிய, பலகையின் நடுப்பகுதி உள்வளைவின் ஆழம் அளவுக்கு, அதாவது 21.5 மி.மீ. கீழிறங்க வேண்டும். 60 பாகையில் 37 மி.மீ. அவ்வளவு வளைக்கத் தேவையான பாரம் ஸ்கீக்கு ஸ்கீ மாறும். எண்பத்தைந்து கிலோ பந்தய வீரருக்கு அமைத்த பலகையை ஐம்பத்தைந்து கிலோ ஆள் நிதான வேகத்தில் வளைக்க முடியாது. பெட்டியில் அச்சாகாத எண் இதுதான். இதைக் கடைக்காரரிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

நூறாண்டு தாமதம்

இடுப்பு ஒடுங்கிய பலகை புதுக் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். நார்வேயின் டெலிமார்க் பகுதியில் மோர்கெடால் ஊரைச் சேர்ந்த சோண்ட்ரே நோர்ஹைம் (1825–1897) 19-ஆம் நூற்றாண்டிலேயே பக்கவாட்டு வளைவுள்ள பலகையில் திரும்பிக் காட்டினார். 1868-ல் இன்றைய ஆஸ்லோவில் நடந்த போட்டியில் நகரத்தார் அதைக் கண்டு அசந்தார்கள். அப்படியிருந்தும் 1980-கள் வரை ஸ்கீ என்றால் ஏறக்குறைய நேரான, இரண்டு மீட்டர் நீளப் பலகைதான். உள்வளைவின் ஆழம் 7, 8 மி.மீ. இருக்கும், ஆரம் 50 மீட்டரை ஒட்டி இருக்கும். அதில் சுத்தமான கார்விங் திருப்பம் போடுவது தேர்ந்தவர்களுக்கே உரிய கலை.

ஏன் இந்தத் தாமதம்? ஒரு காரணம் பொருள். மூக்கும் வாலும் அகலமானால் பனியின் எதிர்விசை அவற்றை முறுக்கிவிடும். மரப்பலகை அந்த முறுக்கலுக்குத் தாங்காது. நடுவில் 45 பாகை சாய்வு இருக்கும்போது நுனியில் அது கரைந்துபோகும். 1950-ல் அமெரிக்க விமானப் பொறியாளர் ஹாவர்ட் ஹெட் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே மரத்தை வைத்து ஒட்டிய ஸ்கீயை விற்கத் தொடங்கினார். 1960 ஸ்குவா வேலி ஒலிம்பிக்ஸில் பிரான்சின் ழான் வுவார்னே உலோக ஸ்கீயில் டவுன்ஹில் தங்கம் வென்றார். அதற்குப் பிறகு பொருளை ஒரு சாக்காகச் சொல்ல முடியாது. இரண்டாவது காரணம் பழக்கம் என்றுதான் நினைக்கிறேன். நீளமான ஸ்கீ என்றால் ஆண்மை, குட்டை ஸ்கீ என்றால் கற்றுக்குட்டி என்ற எண்ணம் மலை ஊர்களில் ஊறிப்போயிருந்தது.

அதை உடைத்தது ஆல்ப்ஸின் பெரிய பெயர்கள் அல்ல. ஸ்லோவீனியாவில் பெகுன்யே என்ற சிற்றூரில் இருக்கும் எலான் ஸ்கீ தொழிற்சாலையின் பொறியாளர்கள் யூரி ஃபிராங்கோவும் பாவெல் ஷ்கோஃபிட்சும் ஆழமான உள்வளைவைச் சோதித்துப் பார்த்தார்கள். 1993-ல் அது எஸ்சிஎக்ஸ் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. பந்தயத் தளத்தில் முதலில் தயக்கம் இருந்தது. 1996-ல் போடி மில்லர் என்ற அமெரிக்க இளைஞன் கே2 ஃபோர் எனும் இடுப்பொடுங்கிய பலகையில் தன் நாட்டு இளையோர் போட்டியில் வென்று காட்டினான். அவனே பின்னால் 2005-லும் 2008-லும் உலகக் கோப்பையின் ஒட்டுமொத்தப் பட்டத்தையும் வென்றான். பத்தே ஆண்டுகளில் நேரான ஸ்கீ கடைகளிலிருந்து மறைந்தது.

வளைவு கூடக் கூடச் சிக்கலும் கூடியது. பிடித்த விளிம்பு விடாமல் பிடிக்கும்போது முழங்கால் விலை கொடுத்தது. காயங்களைக் குறைக்க வேண்டும் என்று சொல்லி எஃப்ஐஎஸ் 2012–13 பருவத்திலிருந்து ஆண்கள் ஜயன்ட் ஸ்லாலம் ஸ்கீயின் குறைந்தபட்ச ஆரத்தை 27 மீட்டரிலிருந்து 35 மீட்டராக உயர்த்தியது. வீரர்கள் கொதித்தார்கள். உரக்க எதிர்த்தவர்களில் ஒருவர் அமெரிக்காவின் டெட் லிகெட்டி. ஆனால் புது விதியின் முதல் போட்டியில், 2012 அக்டோபரில் ஆஸ்திரியாவின் சோல்டனில், அவர் 2.75 வினாடி வித்தியாசத்தில் ஜெயித்தார். நூறில் ஒரு பங்கு வினாடியில் முடிவாகும் விளையாட்டில் அது வேறு கிரகம். பெரிய ஆரப் பலகையை மற்றவர்களைவிட முன்கூட்டியே, மற்றவர்களைவிட அதிகமாகச் சாய்க்க அவரால் முடிந்தது. கொசைன் கணக்கு அவர் பக்கம் நின்றது. 2017–18-லிருந்து விதி 30 மீட்டருக்கு இறங்கி வந்தது. ஸ்லாலமுக்கு ஆண்கள் 165 செ.மீ., பெண்கள் 155 செ.மீ. என்ற குறைந்தபட்ச நீளம் இன்றும் இருக்கிறது. கடையில் விற்கும் ஸ்லாலம் வகை ஸ்கீக்கள் இந்த 165-ஐச் சுற்றியே வருவது இதனால்தான்.

எந்தப் பனி

பனி என்றால் ஒரே பொருள் என்ற எண்ணம் நமக்கு இயல்பு. இங்கே நாம் பார்ப்பது ஃப்ரீசரில் படிவதை மட்டும்தானே. புதிதாக விழுந்த உலர் பனி ஒரு கனமீட்டருக்கு 50 முதல் 100 கிலோ. இயந்திரம் ஓடிச் சமன்படுத்திய சரிவில் அது 400, 500 கிலோவுக்குப் போகும். முழுப் பனிக்கட்டி 917. இரவில் பிஸ்டன்புல்லி போன்ற வண்டிகள் சரிவைக் கிளறி, அழுத்தி, வரிவரியாகச் சீவிவிட்டுப் போகும். பிறகு சில மணி நேரம் யாரும் தொடக் கூடாது. அந்த நேரத்தில் பனித்துகள்கள் தொடும் இடங்களில் ஒன்றோடொன்று இணைந்து இறுகுகின்றன. காலை எட்டரை மணிக்கு லிஃப்ட் திறக்கும்போது கார்விங் பிரியர்கள் வரிசையில் முதலில் நிற்பது இந்த இறுகிய தளத்துக்காகத்தான்.

கார்விங்குக்குத் தேவை கீறினால் உடையாத, ஆனால் கீற முடிகிற தளம். பொடிப் பனியில் கீறிய தடத்துக்குச் சுவர் கிடையாது. 68 மி.மீ. இடுப்பு அதில் புதைந்து போகும்; அங்கே 100 மி.மீ.க்கு மேல் அகலமான பலகை மிதக்கும். மறுபக்கம் வெறும் கண்ணாடிப் பனிக்கட்டியில் தடமே விழாது. விளிம்பின் கூர்மை ஒன்றே துணை. பந்தயப் பாதைகளில் முதல் ஆளுக்கும் அறுபதாவது ஆளுக்கும் ஒரே மாதிரித் தளம் கிடைக்க வேண்டும் என்பதற்காகப் பனிக்குள் தண்ணீர் செலுத்தி உறையவிடுவதும் உண்டு. 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸில் யான்சிங் மலையில் ஓடியது கிட்டத்தட்ட முழுவதும் இயந்திரம் தயாரித்த பனி. இந்தியாவின் ஒரே வீரராகப் போன குல்மார்க் பக்கத்து ஆரிஃப் கான் அந்தத் தளத்தில்தான் ஜயன்ட் ஸ்லாலத்தில் 45-வது இடத்தில் முடித்தார். பொடிப் பனிக்குப் பேர்போன ஊரில் வளர்ந்தவர் அவர்.

குல்மார்க்கின் கொண்டோலா எனும் கம்பிவட ஊர்தி ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரம் வரை ஏற்றிவிடும். மேலே கிடைப்பது பெரும்பாலும் சமன்படுத்தாத ஆழ்பனி. அதற்காக உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வருகிறார்கள். அங்கே கார்விங் ஸ்கீயோடு போய் நிற்பது மெரினா மணலில் ரோட் சைக்கிள் ஓட்டப் பார்ப்பதற்கு நிகர். கீழே பழகுபவர்களுக்கான மென்சரிவுகளில் வேகமே வராது. உத்தராகண்டின் ஆவ்லி, 2011-ல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளை நடத்திய இடம், சரிவின் அமைப்பில் கார்விங்குக்கு இன்னும் பொருத்தம். ஸ்கீ துபாய் வேறு கதை. 2005-ல் திறந்த அந்த உள்ளரங்கில் நீளமான சரிவே 400 மீட்டர், உயரம் 85 மீட்டர். தளம் கெட்டியானது, தினமும் சமன்படுத்துவார்கள். 12, 13 மீட்டர் ஆரமுள்ள குட்டை ஸ்கீக்கு அது பொருந்தும். 18 மீட்டர் ஸ்கீ அங்கே தன் வேகத்தை எட்டும் முன்பே சுவர் வந்துவிடும். ஆல்ப்ஸில் சமன்படுத்திய சரிவுகளே கிலோமீட்டர் கணக்கில் நீள்வதால்தான் இந்தவகை ஸ்கீயின் சந்தையும் அங்கே பெரிது.

உள்ளே என்ன இருக்கிறது

விலை உயர்ந்த கார்விங் ஸ்கீயைக் குறுக்கே அறுத்தால் நடுவில் ஆஷ், பீச், பாப்லர் போன்ற மரக்கீற்றுகளை ஒட்டிய கட்டை இருக்கும். இத்தனை வேதிப்பொருள்கள் வந்த பிறகும் மரத்தை விடவில்லை. எடைக்கு ஏற்ற துள்ளலும் ஆயுளும் அதில் கிடைக்கின்றன. மேலும் கீழும் டைட்டனால் தகடு. அதில் டைட்டானியத்தைத் தேட வேண்டாம், ஆஸ்திரியாவில் செய்யும் உறுதியான அலுமினியக் கலவை அது. அதன் வேலை இரண்டு: நீளவாட்டில் அளவாக வளைய விட்டு, குறுக்கே முறுக்கவிடாமல் பிடிப்பது, அதிர்வை அடக்குவது. கெட்டிப் பனியில் பலகை நொடிக்குப் பலமுறை அதிரும். அதிரும் விளிம்பு பனியை விட்டு எழும்பும், எழும்பிய கணத்தில் பிடி போகும். தகடுகளுக்கு இடையே மெல்லிய ரப்பர் படலம் வைப்பதும் இதற்காக. ஆட்டமிக் ரெட்ஸ்டர், ஃபிஷர் ஆர்சி4, ரோசிக்னோல் ஹீரோ, ஷ்டோக்லி லேசர் போன்ற வரிசைகளில் விலை ஏறும்போது நீங்கள் கூடுதலாகப் பணம் கொடுப்பது பெரும்பாலும் இந்த அமைதிக்குத்தான்.

இடுப்பு ஏன் 65 முதல் 75 மி.மீ.க்குள்? கெட்டிப் பனியில் எதிர்விசை முழுவதும் விளிம்பில் வந்து நிற்கிறது. பாதத்தின் நடுக்கோட்டிலிருந்து விளிம்பு 34 மி.மீ. தள்ளி இருந்தால் அந்த நெம்புகோலைக் கணுக்கால் சமாளிக்கும். 100 மி.மீ. இடுப்பில் அது 50 மி.மீ. ஆகிறது, பலகை தட்டையாகச் சாயப் பார்க்கும், முழங்கால் அதை எதிர்த்துப் பிடிக்க வேண்டும். ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு மாறும் நேரமும் கூடும். பூட்ஸைப் பலகையோடு பூட்டிப் பிடிக்கும், விழும்போது விடுவிக்கும் பைண்டிங்குக்குக் கீழே ஒரு தட்டு வைத்துக் காலை உயர்த்துவதும் இதே நெம்புகோலை நம் பக்கம் திருப்பத்தான், கூடவே சாய்ந்த நிலையில் பூட் பனியில் உரசாமல் இருக்கவும். பந்தயங்களில் இந்த உயரத்துக்கு 50 மி.மீ. உச்சவரம்பு உண்டு.

ஆனால் பணம் இருப்பவர்கள் முதலில் வாங்க வேண்டியது ஸ்கீ அல்ல, பூட்ஸ். சாய்வுக் கட்டளை கால் எலும்பிலிருந்து பூட் வழியாகத்தான் பலகைக்குப் போகிறது. பூட்டுக்குள் குதிகால் ஒரு விரற்கடை ஆடினாலும் மேலே சொன்ன கணக்கு எல்லாம் வீண். வாடகை பூட்ஸில் விலை உயர்ந்த ஸ்கீயை மாட்டுவது நம் ஆட்கள் அதிகம் செய்யும் தவறு. பைண்டிங் விடுபடும் அளவை ஐஎஸ்ஓ 11088 என்ற சர்வதேசத் தர அட்டவணைப்படி எடை, உயரம், வயது, பூட் நீளம், சறுக்கும் பாணி ஆகியவற்றைக் கேட்டுக் கடையில் அமைத்துத் தருவார்கள். கௌரவத்துக்காக எடையைக் குறைத்தோ திறமையை ஏற்றியோ சொல்லாதீர்கள். திறமையைக் கூட்டிச் சொன்னால் விழும்போது பைண்டிங் திறக்காது, தசைநார் திறந்துகொள்ளும்.

சென்னைக் காற்றில் எஃகு விளிம்பு

ஒருவழியாக வாங்கி ஊருக்குக் கொண்டுவந்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். எஃகு விளிம்பைக் கடைகளில் பெரும்பாலும் அடிப்பக்கம் அரை முதல் ஒரு பாகை தூக்கி, பக்கவாட்டில் 87 பாகை கோணத்தில் தீட்டித் தருவார்கள். அந்தக் கூர்மை இல்லாத கார்விங் ஸ்கீ சாதாரணப் பலகைக்குச் சமம். அந்த எஃகு துருப்பிடிக்கும் வகை. ஆல்ப்ஸில் கோடைக்கு மட்டும் கவலைப்படுவார்கள். திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் உப்புக்காற்றில் ஆண்டு முழுவதும் கவலைதான். பயணத்திலிருந்து ஈரத்தோடு பையில் கட்டி வந்த ஸ்கீயை அப்படியே பரணில் போட்டால் அடுத்த குளிர்காலத்துக்குள் விளிம்பு செந்நிறமாகியிருக்கும்.

வந்த அன்றே பையைப் பிரித்து, துணியால் துடைத்து, மின்விசிறிக்குக் கீழே உலர விடுங்கள். அடிப்பாகத்தில் மெழுகைக் கெட்டியாக உருக்கித் தேய்த்து, விளிம்பின் மேலும் வழியும்படி விட்டு, சுரண்டாமல் அப்படியே வைத்துவிடுங்கள். அதுதான் துருவுக்குத் தடுப்பு. பழைய புளோரின் மெழுகு யாராவது கொடுத்தால் வாங்க வேண்டாம். உடலுக்கும் சூழலுக்கும் கேடு என்று எஃப்ஐஎஸ் போட்டிகளில் 2023–24 பருவத்திலிருந்து அதைத் தடை செய்துவிட்டார்கள். சாதாரண ஹைட்ரோகார்பன் மெழுகு போதும். மொட்டைமாடி அறை வேண்டாம். ஏசி ஓடும் அறையின் அலமாரிப் பின்புறம் நல்ல இடம். இரண்டு பலகைகளையும் வாரால் இறுக்கிக் கட்டி வைத்தால் அடிவளைவு (பலகையின் நடு சற்று மேலெழுந்திருக்கும் வளைவு) நசுங்கும். தளர்வாகச் சாய்த்து வையுங்கள். அடுத்த முறை மலையூருக்குப் போய் இறங்கியதும், சரிவுக்கு முன்னால் சர்வீஸ் கடைக்குப் போய் மெழுகைச் சுரண்டி விளிம்பைத் தீட்டித் தரச் சொல்லுங்கள். காலையில் கொடுத்தால் மாலைக்குள் தயாராகிவிடும்.